பிலிப் ஜோன்ஸ் பிராஸ் என்செம்பிள் - யாருங்க இவங்க? 1986க்கு அப்புறம் ஏன் ஆளையே காணோம்?

ரெக்கார்டு_ராசு

வணக்கம் மக்களே. போன ஞாயித்துக்கிழமை பழைய எல்பி விக்கிறவர் ஒருத்தர்கிட்ட ஒரு கட்டு மொத்தமா வாங்கினேன். எனக்கு வேண்டியது அதுல இருந்த ரெண்டு இளையராஜா ரெக்கார்டு மட்டும்தான், ஆனா மனுஷன் தனியா தரமாட்டேன், கட்டோட எடுத்தா எடு இல்லன்னா கிளம்புன்னுட்டார், சரின்னு தூக்கிட்டு வந்தேன். அதுக்குள்ள ஆர்கோ லேபிள்ல ஒண்ணு. முஸோர்க்ஸ்கியோட பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன், வாசிச்சது பிலிப் ஜோன்ஸ் பிராஸ் என்செம்பிள்னு போட்டிருக்கு. வயலின் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது, முழுக்க ஊதுறதுதான், நடுவுல கொஞ்சம் மேளம் மணி எல்லாம் வருது.

பிராஸ்னா எனக்குத் தெரிஞ்சது கல்யாண ஊர்வலத்துல வர்ற பேண்டு செட்டும் சினிமாப் பாட்டு இன்டர்லூட்ல வர்ற டிரம்பெட்டும்தான். இது வேற மாதிரி இருக்கு. அவ்ளோ சத்தமான வாத்தியம் இவ்ளோ மெதுவா, ஏதோ பக்கத்து ரூம்ல பேசிக்கிற மாதிரி வாசிக்க முடியும்னே எனக்குத் தெரியாது. ரெண்டு நாளா ஆபீஸ் போயிட்டு வந்து இதையேதான் போட்டுக் கேட்டுட்டு இருக்கேன், வீட்டுல திட்டு.

என் கேள்வி: இவங்க யாரு, எப்ப ஆரம்பிச்சாங்க? தேடினா 1986ல முடிஞ்சுதுன்னு வருது, ஏன்? இவங்கள தேடினா யூடியூப் உடனே கனடியன் பிராஸ்னு ஒரு அஞ்சு பேர காட்டுது, ரெண்டும் ஒரே சமாச்சாரமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க, எனக்கு வெஸ்டர்ன் கிளாசிக்கல் அரிச்சுவடி கூட தெரியாது.

டிராம்போன்_தேவா

ராசு, நல்ல ரெக்கார்டுதான் கிடைச்சிருக்கு உங்களுக்கு. நான் இங்க இங்கிலாந்துல எங்க ஊர் பேண்டுல வார இறுதில டிராம்போன் வாசிக்கிறவன், பொழப்பு வேற, அக்கவுண்ட்ஸ். தொழில்முறை ஆள் இல்ல, ஆனா பித்தளைப் பைத்தியம் உண்டு. கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

முதல்ல ஆர்க்கெஸ்ட்ராவோட கடைசி வரிசைக்குப் போகணும். அங்க உக்காந்திருக்கிற டிரம்பெட், டிராம்போன், அடிக்குரல் ஊதுற பெரிய டியூபாக்காரனுக்கு பாதி வேலை தன் முறை வர்ற வரைக்கும் தாளத்த எண்ணுறதுதான். டிவோர்ஷாக்கோட நியூ வேர்ல்ட் சிம்பொனி கேட்டிருப்பீங்க, முக்கால் மணி நேரம் ஓடும், அதுல டியூபாவுக்கு மொத்தமே 14 நோட்டு. பதினாலு. பிராம்ஸோட முதல் சிம்பொனில டிராம்போன்காரங்க மூணு பாகம் முழுக்க சும்மா உக்காந்திருந்துட்டு நாலாவதுலதான் வாயத் திறப்பாங்க, அதுவும் ஆறிப்போன உதட்ட வச்சுக்கிட்டு மெல்லிசா தேவாலயப் பாட்டு மாதிரி ஒரு கோரல் வாசிக்கணும், பிசிறினா அரங்கம் முழுக்கக் கேட்கும். வயலின்காரங்களுக்கு அப்படி இல்ல. ஆர்க்கெஸ்ட்ரா முடிஞ்சு வீட்டுக்குப் போனா நாலு பேர் சேர்ந்து வாசிக்க ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன்னு அலமாரி அலமாரியா குவார்டெட் இருக்கு. பித்தளைக்கு எதுவும் இல்ல.

எதுவுமே இல்லன்னு சொல்லக் கூடாது. 400 வருஷம் முன்னாடி வெனிஸ்ல சான் மார்க்கோ தேவாலயத்துல கப்ரியேலின்னு ஒரு கம்போசர் இதுக்குன்னே எழுதினார். எதிரும் புதிருமா ரெண்டு கோஷ்டிய நிறுத்தி, ஒண்ணு கேட்க ஒண்ணு பதில் சொல்ற மாதிரி. 1597ல அச்சான சொனாட்டா பியான் எ ஃபோர்ட்டே அதுல ரொம்ப பிரபலம், மெதுவா வாசி சத்தமா வாசின்னு நோட்லயே எழுதிக் குடுத்த முதல் உருப்படிகள்ல ஒண்ணு. அப்புறம் ஜெர்மனில ஊர்க் கோபுரத்து மேல ஏறி நேரம் காட்டி ஊதுறதுக்கு சம்பளத்துக்கு ஆள் வச்சிருந்தாங்க, லைப்ஸிக்ல பெட்ஸல்னு ஒருத்தர் காலை பத்து மணி இசைன்னு 1670ல ஒரு தொகுப்பே போட்டார். அதுக்கப்புறம் பெரிய ஆளுங்க இந்தப் பக்கம் அதிகமா திரும்பிப் பார்க்கல, ரொம்ப காலத்துக்கு.

இப்ப பிலிப் ஜோன்ஸ். 1928ல பாத் நகரத்துல பொறந்தவர், லண்டன் ராயல் காலேஜ்ல எர்னஸ்ட் ஹால்கிட்ட டிரம்பெட் கத்துக்கிட்டார், 20 வயசுல கவன்ட் கார்டன் ஓப்பரா ஆர்க்கெஸ்ட்ராவுல வேலை. அந்த சமயத்துல ஆம்ஸ்டர்டாம்ல கான்செர்ட்கெபவ் ஆர்க்கெஸ்ட்ராக்காரங்க நாலு பேர் பிராஸ் குவார்டெட்னு ஒண்ணு நடத்திட்டு இருந்தாங்க, அத கேட்டுட்டு இது நமக்கும் வேணுமேன்னு 1951ல இவர் ஆரம்பிச்சதுதான் இந்தக் குழு. அப்ப அவருக்கு 23 வயசு.

ஆரம்பிச்சதும் ஓஹோன்னு போயிடல. சொல்லப்போனா இருபது வருஷம் அது பக்கவாட்டு வேலைதான். பகல்ல, ராத்திரில ஆர்க்கெஸ்ட்ரா வயித்துக்கு, நடுவுல கிடைக்கிற நேரம் இதுக்கு. மனுஷன் லண்டன்ல இருந்த பெரிய ஆர்க்கெஸ்ட்ரா முக்கால்வாசில முதல் டிரம்பெட்டா உக்காந்திருக்கார், ராயல் ஃபில்ஹார்மோனிக், ஃபில்ஹார்மோனியா, லண்டன் ஃபில்ஹார்மோனிக், பிபிசின்னு. 70களோட ஆரம்பத்துலதான் அந்த வேலைய விட்டுட்டு முழு மூச்சா இதுல இறங்கினார். பிராஸ் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காருவாங்கன்னு அதுவரைக்கும் ஹால்காரங்க யாரும் நம்பல, பித்தளைன்னா வெளில மைதானத்துல வாசிக்கிறதுன்னு ஒரு எண்ணம்.

எத்தனை பேருங்கிறதுதான் இதுல முக்கியமான விஷயம். வழக்கமா பிராஸ் குவின்டெட்னா அஞ்சு பேர்: ரெண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா. ஜோன்ஸும் அஞ்சு பேரோட நிறைய வாசிச்சிருக்கார், ஆனா பேர் வாங்கினது பத்து பேர் அமைப்புல: நாலு டிரம்பெட், ஒரு ஹார்ன், நாலு டிராம்போன், ஒரு டியூபா. ஊதிப் பார்த்தவனுக்குத்தான் இதோட அருமை தெரியும். வயலின்காரன் ரெண்டு மணி நேரம் நிறுத்தாம வாசிப்பான், நம்மளால முடியாது. மவுத்பீஸ் வளையத்துக்குள்ள அடங்குற அந்த துளியூண்டு உதட்டுச் சதைதான் எல்லா வேலையும் செய்யுது, அது தளர்ந்துட்டா மேல் ஸ்தாயி வராது, வெறும் காத்துதான் வரும். அஞ்சு பேர்னா எவனுக்கும் ஓய்வு கிடையாது. பத்து பேர்னா ரெண்டு பேர் ஏறும்போது ரெண்டு பேர் இறக்கி வச்சு, குழாய்ல சேர்ந்த தண்ணிய ஊதி வெளிய தள்ளி, மூச்சு வாங்கி, அடுத்ததுக்கு ரெடியாகலாம். கப்ரியேலி மாதிரி ரெண்டு கோஷ்டி வேணும்னா அப்படியே பிரிச்சுக்கலாம். இப்ப நிறைய மியூசிக் காலேஜ்ல பத்து பேர் பிராஸ் குழு இருக்குன்னா அதுக்கு இவர் பெரிய காரணம்.

உங்க ரெக்கார்டுக்கு வர்றேன். அது எல்கர் ஹோவர்த் மாத்தி எழுதினது. அவரும் அந்தக் குழுவுல டிரம்பெட்டு, அப்புறம் கண்டக்டர், அப்புறம் அரேஞ்சர், மூணும் அவர்தான். அப்பா பிராஸ் பேண்டு நடத்தினவர், பையன் மான்செஸ்டர்ல பர்ட்விஸில், மாக்ஸ்வெல் டேவிஸ் மாதிரி புதுமையான கம்போசருங்களோட படிச்சவர். 1967ல பீட்டில்ஸோட மேஜிக்கல் மிஸ்டரி டூர் பாட்டுல வர்ற டிரம்பெட்ல ஒண்ணு இவரோடது, 1978ல ஸ்டாக்ஹோம்ல கம்போசர் லிகெட்டியோட ஓப்பராவ முதல் முதலா நடத்தினதும் இவர்தான், அப்படி ஒரு ஆள். பிக்சர்ஸ் பியானோவுக்கு எழுதினது, 1922ல ராவெல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாத்தினப்பவே முதல் வரிய தனி டிரம்பெட்டுக்குத்தான் குடுத்தார். ஹோவர்த் அங்கிருந்து இன்னும் போய் முழுசையும் பித்தளைக்கே குடுத்துட்டார், வழக்கமான பத்து பேர் பத்தாம கூட ஆள் சேர்த்து, பெர்குஷனும் வச்சு. நீங்க சொன்ன அந்த பக்கத்து ரூம் சத்தம் இருக்கே, அதுக்காகத்தான் நாங்க எல்லாம் அந்த ரெக்கார்ட தேய்ச்சுத் தேய்ச்சுக் கேட்டோம்.

மீதிய ராத்திரி எழுதுறேன், மீட்டிங்.

ஓரமா_நிக்கிறேன்

தேவா அண்ணே நடுவுல ஒரு ஆள விட்டுட்டீங்க. விக்டர் எவால்ட், ரஷ்யா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பிராஸ் குவின்டெட்டுக்குன்னு பெரிய கம்போசருங்க எழுதாதப்ப ஒழுங்கா எழுதின ஆளு. தொழில் என்ன தெரியுமா? சிவில் இன்ஜினியரிங் புரொஃபசர். சாயங்காலம் செல்லோ வாசிப்பார். எந்த ஊரா இருந்தாலும் கலைய காப்பாத்துறது இன்ஜினியர்தான்னு நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறீங்க 😄

ஹாமில்டன்_குமார்

ரெண்டும் ஒண்ணான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், ஏன்னா இங்க கனடாவுல 20 வருஷமா இருக்கேன், கனடியன் பிராஸ் கச்சேரி மூணு தடவ நேர்ல பார்த்திருக்கேன், தேவா மாதிரி ஆளுங்க அவங்கள கோமாளிங்கன்னு சொல்றத கேட்டுக் கேட்டு புளிச்சுப் போச்சு (தேவா நீங்க இன்னும் சொல்லல, சொல்வீங்கன்னு தெரியும்).

1970ல டொரன்டோவுல டியூபா வாசிக்கிற சக் டேலன்பாக்கும் டிராம்போன் வாசிக்கிற ஜீன் வாட்ஸும் ஆரம்பிச்சது. கொஞ்ச நாள்லயே ஹாமில்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுல இடம் கிடைச்சுது, இங்க ஒன்டாரியோவுல இரும்பு ஆலை ஊர். அங்க அவங்க வேலைல பெரும்பகுதி பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய் பசங்களுக்கு வாசிக்கிறது. எட்டு வயசுப் பசங்க முன்னாடி காலைல ஒம்பது மணிக்கு பாக் வாசிச்சுப் பாருங்க, ரெண்டாவது நிமிஷம் சலசலப்பு வந்துடும். அங்க கத்துக்கிட்டதுதான் அந்தப் பேச்சும் கிண்டலும். பாட்டுக்கு நடுவுல சக் மைக்க பிடிச்சு மூஞ்சில சிரிப்பே இல்லாம ஒண்ணு சொல்வார், ஹால் குலுங்கும், அடுத்த நொடி பாக்கோட ஜி மைனர் ஃபியூக் (ஒரே மெட்ட ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் எடுத்துப் பின்னுறது), அவங்க டிரம்பெட்டர் ரான் ரோம் மாத்தி எழுதினது, ஒரு நோட்டு பிசகாது. கோட்டு சூட்டு போட்டு காலுக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ. கச்சேரி ஆரம்பிக்கும்போது மேடைக்குப் பின்னாடி இருந்து வரமாட்டாங்க, நம்ம சீட்டுக்கு நடுவுல இருக்கிற நடைபாதைல நியூ ஆர்லியன்ஸ் ஸ்டைல்ல மெதுவா ஊதிக்கிட்டே நடந்து வருவாங்க. முதல் தடவ பார்த்தப்ப டியூபா வாய் என் தோளுக்கு ஒரு சாண் தூரத்துல போச்சு, நெஞ்செலும்பு அதிர்ந்துது, அப்ப விழுந்தவன்தான் நான்.

1977ல சீனாவுக்கு கலாச்சாரக் குழுவா அனுப்பினாங்க, கலாச்சாரப் புரட்சில மேற்கத்திய இசைய மூடி வச்சிருந்த ஊரு, அது முடிஞ்ச கையோட அங்க போன முதல் மேற்கத்திய குழுக்கள்ல இவங்களும் ஒண்ணு. ஜோன்ஸ் குழு மாதிரி ஆர்க்கெஸ்ட்ரா வேலை பார்த்துட்டு மீதி நேரத்துல வாசிச்சது இல்ல, அஞ்சு பேர் இத மட்டுமே வச்சு வருஷம் முழுக்க ஊர் ஊரா சுத்தி சம்பாதிச்சுக் காட்டினாங்க. அதுக்கு சிரிக்க வைக்கணும்னா சிரிக்க வைக்கட்டுமே, என்ன குறைஞ்சு போச்சு? ஆள் மாறிக்கிட்டே இருக்கு ஆனா குழு இன்னைக்கும் ஓடுது, சக் இன்னும் டியூபாவோட நிக்கிறார்.

கிரேடு5_கலா

எல்லாரும் நல்லா எழுதுறீங்க 🙏 ஒரு சின்ன தகவல். பிலிப் ஜோன்ஸ்ங்கிற பேர நான் வேற இடத்துல பார்த்திருக்கேன். 1988ல இருந்து 1994 வரைக்கும் லண்டன் டிரினிட்டி காலேஜ் ஆஃப் மியூசிக்ல பிரின்சிபால் அவர்தான். சென்னைல நாம எல்லாம் பயந்துகிட்டே போய் உக்காந்த டிரினிட்டி கிரேடு எக்ஸாம் அந்தக் காலேஜ் ஆரம்பிச்சு வச்சதுதான், அப்புறம் தனியா பிரிஞ்சுடுச்சு. நான் கிரேடு 5 பியானோ ரெண்டு தடவ எழுதினேன், அதுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல, என் ஸ்கேல்ஸுக்குத்தான் சம்பந்தம்.

டிராம்போன்_தேவா

குமார், நான் கோமாளின்னு சொல்லல, மனசுக்குள்ள வச்சிருந்தேன் அவ்ளோதான் 😂 அந்த ஜி மைனர் ஃபியூக்க நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனா ஒண்ணு, பிராஸ் குவின்டெட்னாலே சிரிக்க வைக்கணும்னு ஆக்கினதும் அவங்கதான், இப்ப எந்தக் காலேஜ் பசங்க குழு மேடை ஏறினாலும் ஒருத்தன் ஜோக் அடிச்சே தீருவான், பாதி நேரம் தாங்க முடியாது. இதுக்கு நேர் எதிர் துருவமும் இருக்கு, நியூயார்க்ல 1960ல ஆரம்பிச்ச அமெரிக்கன் பிராஸ் குவின்டெட். அவங்க டியூபாவையே சேர்க்கல, அடிக்குரலுக்கு பாஸ் டிராம்போன்தான், சத்தம் மெலிஞ்சு ஒரே சீரா வரணும்னு. அமெரிக்க கம்போசர் எலியட் கார்ட்டர்கிட்ட 1974ல ஒரு குவின்டெட் வாங்கினாங்க, கேட்டா தலை சுத்தும், எனக்கு இன்னும் பாதி புரியல. அதுக்கும் முன்னாடி 1954லயே நியூயார்க் பிராஸ் குவின்டெட்னு ராபர்ட் நேகல் நடத்தினது, இங்கிலாந்து கம்போசர் மால்கம் அர்னால்டோட 1961 குவின்டெட் அவங்களுக்காக எழுதினது, இன்னைக்கும் குவின்டெட்னு உக்காந்தா அத வாசிக்காதவன் கிடையாது.

அந்த அர்னால்டு அவரே ஒரு டிரம்பெட்டர், ஜோன்ஸுக்குப் பாடம் சொன்ன அதே எர்னஸ்ட் ஹாலோட சிஷ்யர். 1978ல ஜோன்ஸ் குழுவுக்காக பிராஸ் சிம்பொனியே எழுதிக் குடுத்தார். நான் காலைல விட்ட இடம் இதுதான். வாசிக்க சரக்கு இல்லன்னா என்ன பண்றது, கேட்டு வாங்குறதுதான். ஆந்த்ரே ப்ரெவின் 1974ல ஃபோர் அவுட்டிங்ஸ்னு ஒண்ணு எழுதினார், பாதி ஜாஸ். அதே வருஷம் ஜப்பான்காரர் டாகெமிட்சு கார்டன் ரெயின் எழுதினார், பத்து பித்தளை வாத்தியத்த வச்சு மழை விட்ட தோட்டம் மாதிரி, ஒரு இடத்துலயும் சத்தம் போடாம. குழுவுல பாஸ் டிராம்போன் வாசிச்ச ரேமண்ட் ப்ரெம்ரு அவரே எழுதுவார். போலந்து லுட்டோஸ்லாவ்ஸ்கியோட மினி ஓவர்ச்சர் வந்த கதை எனக்குப் பிடிச்சது: ஜோன்ஸோட மனைவி உர்சுலா, சுவிஸ்ல லூசர்ன்காரங்க, இங்கிலிஷ் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவ ரொம்ப காலம் நிர்வாகம் பண்ணினவங்க, அவங்களோட 50வது பிறந்தநாளுக்குன்னு சொல்லி வச்சு எழுதி வாங்கினது, 1982ல. மூணே நிமிஷம்தான், நாங்க எங்க பேண்டுல முயற்சி பண்ணி ஆறு வாரம் அடி வாங்கினோம்.

எழுதி வாங்கினதோட நிக்கல. ஜோன்ஸும் ஹோவர்த்தும் சேர்ந்து செஸ்டர் கம்பெனில ஜஸ்ட் பிராஸ்னு வரிசையா நோட்ஸ் அச்சடிச்சாங்க. எங்க பேண்டு அலமாரில ஒரு செட்டு இருக்கு, ஓரம் எல்லாம் கிழிஞ்சு, மூணு தலைமுறை பென்சில் குறிப்போட, ஒரு இடத்துல யாரோ "இங்க மூச்சு எடுக்காதே கழுதை"ன்னு எழுதியிருக்கான். குழு வாசிச்சத அவங்களோட பூட்டி வச்சிருந்தா அவங்களோடயே போயிருக்கும், அச்சுல வந்ததாலதான் எங்கள மாதிரி வாரக் கடைசி ஆளுங்க கை வரைக்கும் வந்துச்சு.

ரெக்கார்டு_ராசு

அண்ணே கண்ணுல தண்ணி வருது, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. ஆனா அந்த 1986 கதைய இன்னும் சொல்லலையே? சண்டை கிண்டையா? பணமா? அப்புறம் லண்டன் பிராஸ்னு ஒண்ணு வருது, அதுவும் இவங்கதானா?

டிராம்போன்_தேவா

சண்டை இல்ல ராசு. ஜோன்ஸ் 58 வயசுல டிரம்பெட்ட கீழ வச்சார், வச்சப்ப குழுவோட பேரையும் கூடவே எடுத்து வச்சுட்டார். டிரம்பெட்டுக்கு 58ங்கிறது ரொம்ப ஜாஸ்தி, பல்லு, உதடு, மூச்சு மூணும் ஒரே நேரத்துல ஒத்துழைக்கணும். ஏற்கனவே மான்செஸ்டர்லயும் லண்டன் கில்ட்ஹால்லயும் பாடம் சொல்லிக் குடுக்கிற பக்கம் போயிட்டார், ரெண்டு வருஷத்துல கலா சொன்ன டிரினிட்டி பதவி. கூட இருந்த இளசுங்க சேர்ந்து அதே வருஷம் லண்டன் பிராஸ்னு புதுப் பேர்ல ஆரம்பிச்சாங்க, அதே பத்து பேர் அமைப்பு. ஆக ஆளுங்க தொடர்ச்சிதான், கடை வேற. ஜோன்ஸ் 2000ம் வருஷம் ஜனவரில இறந்தார்.

எனக்கு இதுல ஆறாத வருத்தம் ஜான் ஃப்ளெட்சர். குழுவோட டியூபா. கேம்பிரிட்ஜ்ல சயின்ஸ் படிச்சுட்டு டியூபாவுக்கு வந்த ஆளு, லண்டன் சிம்பொனில முதல் டியூபா, ஸ்டார் வார்ஸுக்கு 1977ல வாசிச்ச அதே ஆர்க்கெஸ்ட்ரா. அந்த வாத்தியம் பும் பும்னு தாளத்துக்கு மட்டும்னு நினைச்சவங்க வாய அடைச்சவர், பாடகன் மாதிரி மூச்ச நீட்டி ராகமா வாசிப்பார். குழு முடிஞ்ச அடுத்த வருஷம், 46 வயசுல போயிட்டார். உங்க ரெக்கார்ட்ல மாட்டு வண்டி வர்ற பகுதி இருக்கும், பிட்லோன்னு பேரு, ராவெல் அத டியூபாவுக்குத்தான் குடுத்தார். ஹோவர்த் எப்படி பிரிச்சிருக்கார்னு அடில வர்ற குரல மட்டும் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவ கேளுங்க.

ஹாமில்டன்_குமார்

ஃப்ளெட்சர் விஷயத்துல நோ சண்டை. சக் மாதிரி ஆளுங்களே அவர் பேர மரியாதையாதான் சொல்வாங்கன்னு நினைக்கிறேன். ராசு அடுத்து என்ன வாங்கலாம்னு கேட்டீங்கன்னா நான் கனடியன் பிராஸ் பாக் ரெக்கார்ட் எதையாவது சொல்வேன், தேவா கப்ரியேலி சொல்வார்.

டிராம்போன்_தேவா

ஆமா கப்ரியேலிதான். அதுக்கு மேல பேச்சே இல்ல.

ரெக்கார்டு_ராசு

மாட்டு வண்டி கேட்டேன்ணே, நாலு தடவ. தூரத்துல இருந்து வந்து, கிட்ட வந்து, போயே போயிடுது. ஆனா ஒரு சந்தேகம், எல்லாமே ஒரே பக்கத்துல இருந்து கேட்குதேன்னு ஸ்பீக்கர் வயர இழுத்துப் பார்த்தேன், வலது பக்க ஸ்பீக்கர் செத்துப் போய் எத்தனை நாளாச்சோ தெரியல.

டிராம்போன்_தேவா

அப்ப கப்ரியேலி இப்ப வாங்காதீங்க, கேள்வி கேட்கிற கோஷ்டி மட்டும்தான் கேட்கும், பதில் வராது. முதல்ல ஸ்பீக்கர பாருங்க.